ஒன்பதாம் பிளாக்கின் எல்லை

ஜனவரி 8

அன்புள்ள அண்ணா,

இங்கே நான் சுகம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் இருமல் விட்டதா?

உங்கள் பக்கம் டவர் இல்லாததும் ஒருவிதத்தில் நல்லதுதான். இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. தனியாக உட்கார்ந்து படி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே.

எங்கள் அலுவலகத்துக்குப் புது வேலை வந்திருக்கிறது. வனத்துறையின் தேக்குத் தோட்டங்களுக்கெல்லாம் எல்லையைப் புதிதாக வரைய வேண்டும். பழைய காகித வரைபடங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. ஒரே தோட்டம் மூன்று படத்தில் மூன்று அளவு. அதனால் செயற்கைக்கோள் படங்களை எடுத்து, எது தேக்கு, எது இயற்கைக் காடு, எது வெட்டவெளி என்று கம்ப்யூட்டரை விட்டுப் பிரித்து, நட்ட காலத்தில் எல்லை எங்கே இருந்தது, இப்போது எங்கே நிற்கிறது என்று காட்ட வேண்டும். நேற்று பங்கு பிரித்தார்கள். எனக்கு உங்கள் சரகம் விழுந்தது. அதில் ஒன்பதாம் பிளாக் இருக்கிறது.

அப்பா ஃபாரஸ்ட் கார்டாக இருந்த பிளாக்.

எல்லைக் கல்லை நகர்த்தி அறுபது ஏக்கர் தேக்கை வெட்டி விற்றார் என்று எழுதி, நாலு பேர் பார்க்க அவருடைய காக்கிச் சட்டையைக் கழற்றச் சொன்னானே அந்த ரேஞ்சர். பத்தொன்பது வருஷம் ஆகிறது. அந்த அறுபது ஏக்கரில் இன்று அவன் மைத்துனன் பெயரில் மாந்தோப்பு நிற்கிறது என்று ஊருக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய? காகிதம் அவன் கையில் இருந்தது. இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. அவன் மண்டல அதிகாரியாகிவிட்டான், நமக்கு இன்னும் ரேஞ்சர்தான்; இந்த வருஷக் கடைசியில் ஓய்வு பெறப் போகிறான். நல்ல பெயரோடு வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பான். விட மாட்டேன்.

அப்பா கடைசி மூன்று வருஷமும் வாசல் வழியே வெளியே போகாமல் கொல்லைப்புறமாகவே போய் வந்ததை நான் மறக்கவில்லை. நீயும் மறந்திருக்க மாட்டாய்.

தரையில் நின்று சரிபார்த்த புள்ளிகள் எனக்கு வேண்டும். உன்னைப் போன்ற வாட்சர்களை எடுக்கச் சொல்லி ரேஞ்ச் ஆபீசுக்கு உத்தரவு வரும். ஒன்பதாம் பிளாக்கை நீயே கேட்டு வாங்கிக்கொள். நாம் அண்ணன் தங்கை என்று இங்கே யாருக்கும் தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


ஜனவரி 24

பாப்பாவுக்கு அண்ணன் எழுதுவது.

இருமலும் இருக்கிறது, பீடியும் இருக்கிறது. ஒன்றையொன்று விடுவதாக இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி ஒரு பக்கம், எனக்கு இன்னும் பெண் அமையாத கவலை மறுபக்கம். இரண்டாவதற்குத்தான் முனகல் அதிகம்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிட்டேன். போன வாரம் அவன் ஜீப்பில் வந்தான். புள்ளி எடுக்கும் வேலையைப் பற்றிப் பேச்சு வந்தது. "ஒன்பதாம் பிளாக்கா? இவனையே அனுப்புங்கப்பா. இவன் அப்பன் கல்லை எங்கெங்க நகத்தினான்னு இவனுக்குத்தானே தெரியும்" என்று சொல்லிச் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பல்லைக் காட்டாமல் இந்த வேலையில் காலம் தள்ள முடியுமா?

எனக்கு ஒரே ஒரு ஆசைதான். அவனையும் ஒருவன் நிற்க வைத்துக் கேள்வி கேட்க வேண்டும். அதை நான் ஓரமாக நின்று பார்க்க வேண்டும். அதற்கு என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன்.

என்ன புள்ளி, எப்படி எடுப்பது என்று விவரமாக எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்


பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணா,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அம்மாவிடம் நான் இளைக்கவில்லை என்று சொல்.

வேலை இதுதான். இந்த மாதக் கடைசிக்குள் தேக்கெல்லாம் இலை உதிர்ந்து மொட்டையாகிவிடும். பக்கத்துக் காடு பச்சையாகவே நிற்கும். மேலேயிருந்து பார்த்தால் பச்சைப் போர்வையில் பழுப்புத் துணி ஒட்டுப் போட்ட மாதிரி தெரியும். அந்த ஒட்டின் ஓரம்தான் எல்லை. ஆனால் இது இன்ன மரம், இது இன்ன நிலம் என்று முதலில் கம்ப்யூட்டருக்குக் கொஞ்சம் காட்டிக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் நீ. ஒவ்வொரு இடத்திலும் ஜிபிஎஸ் கருவியோடு நில், எண்ணை எழுது, கண்ணால் பார்ப்பதை மட்டும் எழுது.

மாந்தோப்புக்குள்ளே போக வழி கிடைத்தால் தரையைப் பார். தேக்கை வெட்டினாலும் அடிக்கட்டை லேசில் சாகாது, பக்கத்தில் துளிர்க்கும். ஒவ்வொரு கட்டையும் நமக்கு ஒரு சாட்சி.

இன்னொன்று. ஓடைக்குக் கீழே தென்கிழக்கு மூலை, உன் வீட்டுப் பக்கம், அங்கே படம் குழம்புகிறது. அங்கேயும் ஒரு பத்துப் புள்ளி எடு.

கவனமாக இரு.

தங்கை


மார்ச் 5

பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். அம்மா உன்னை விசாரித்தாள். "அவ அங்க என்னதான் படம் பாக்குறா, சம்பளம் குடுத்துப் படம் காட்டுறாங்களா?" என்கிறாள்.

எழுபத்தாறு புள்ளி எடுத்து நோட்டோடு அனுப்பியிருக்கிறேன். தோப்புக்காவலன் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து உள்ளே போனேன். நீ சொன்னது சரி. மாமரத்துக்கு நடுவே இருபத்திரண்டு தேக்குக் கட்டை, எல்லாவற்றிலும் துளிர். ஒவ்வொன்றின் மேலும் கால் வைத்து நின்று எழுதினேன். மனசுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா?

ரேஞ்சருடைய சொந்த வீடு இருக்கிற பக்கமும் புள்ளி எடுத்திருக்கிறேன். அதையும் சேர்த்துக்கொள்.

ஓடைப் பக்கம் போக முடியவில்லை. பாதை அடைத்துக் கிடக்கிறது.

அண்ணன்


மார்ச் 28

அன்புள்ள அண்ணா,

அம்மாவுக்கு மாத்திரை அனுப்பியிருக்கிறேன். காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு.

முதலில் திட்டிவிடுகிறேன். அவன் வீட்டைச் சுற்றித் தேக்கு என்று பதினாலு புள்ளி எழுதியிருக்கிறாய். அங்கே தேக்கே கிடையாது. மார்ச் மாதத்தில் பச்சைப் பசேல் என்று நிற்கிற தேக்கை நான் எங்கே போய்த் தேடுவது? அவன் பரம்பரை வீட்டையும் பிளாக்குக்குள் இழுத்துவிடலாம் என்று பார்த்தாய், இல்லையா? உன் ஆத்திரம் புரிகிறது. எனக்கும் அதே ஆத்திரம்தான். ஆனால் ஒரு பொய் பிடிபட்டால் நம் அறுபத்திரண்டு உண்மையும் நாறிப்போகும். பதினாலையும் எடுத்துவிட்டேன். அவனைக் கவிழ்க்க உண்மையே போதும், அண்ணா. அதுவும் எப்பேர்ப்பட்ட உண்மை!

பழைய படங்களைத் தோண்டினேன். அந்த வருஷம் ஜூன் ஒன்பதாம் தேதி எடுத்த படம் ஒன்று கிடைத்தது. மேகமே இல்லை. அறுபது ஏக்கரும் வெறும் மண். அப்பா ஒன்பதாம் பிளாக்கில் பொறுப்பேற்றது ஜூலை ஒன்று! அவர் அங்கே காலை வைப்பதற்கு மூன்று வாரம் முன்னாலேயே மரம் போய்விட்டது. அதுவரை பிளாக்குக்குக் கார்டே இல்லை. நேரடிப் பொறுப்பு ரேஞ்சருக்கு. படத்தின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். பக்கத்து மேஜைக்காரி தலைவலியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

உன் வீட்டுக்குப் போகிற பாதை எப்படி அடைத்துக் கிடக்கும்? ஓடைப் பக்கத்துப் புள்ளிகளை அனுப்பு.

தங்கை


மே 20

பாப்பாவுக்கு,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து போனது. இப்போது கஞ்சி குடிக்கிறாள். எனக்கும் வேலை அதிகம்.

ஜூன் ஒன்பதாம் தேதிப் படத்தைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். நல்லது.

ஒன்று கேட்கிறேன். பிளாக்கின் எல்லை முழுவதையும் வரைந்துதான் ஆக வேண்டுமா? தோப்புப் பக்கம் மட்டும் போதாதா? ஓடை மூலையில் ஒன்றும் இல்லை. சும்மா நாலு மரம். அதை விட்டுவிடேன். தேவையில்லாமல் ஏன் இழுத்துக்கொண்டு?

இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. கூரை ஒழுகுகிறது.

அண்ணன்


ஜூன் 18

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பன்னிரண்டாம் தேதி கூட்டம் நடந்தது. பெரிய அதிகாரிகள் ஆறு பேர், எங்கள் இயக்குநர், அந்த ரேஞ்சர். வரைபடத்தைச் சுவரில் போட்டுக் காட்டினேன். நட்ட காலத்து எல்லை சிவப்பு, இப்போதைய எல்லை மஞ்சள். இரண்டுக்கும் நடுவே மாந்தோப்பு. பிறகு ஜூன் ஒன்பதாம் தேதிப் படம். அவன் முகம் வெளிறுவதை நான் பார்த்தேன். எத்தனை வருஷம் அதற்காகக் காத்திருந்தேன்!

புள்ளிகள் பொய் என்றான். அங்கேயே பத்துப் புள்ளியை எடுத்துச் சோதித்தார்கள். பத்தும் சரி. அப்போதுதான் என்னை உற்றுப் பார்த்தான், அப்பாவின் ஜாடை தெரிந்திருக்கும்.

"இந்தப் பொண்ணு யார்னு தெரியுமா உங்களுக்கு? அந்தக் கார்டோட மக. அப்பனுக்காகப் பழி வாங்க வந்திருக்கு."

"ஆமா சார், மகதான். ஆனா இந்தப் படத்தை எங்கப்பா மேல ஏறி எடுக்கல."

யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு பழைய காகிதத்தின் நகலை எடுத்து, எல்லோரையும் விட்டுவிட்டு என் முன்னால் வைத்தான்.

"படத்தை விடும்மா. இதைப் படி. அக்டோபர் மாசம் அவர் கல்லை நகத்தினதையும் மரம் வெட்டினதையும் நேர்ல பார்த்த சாட்சி. யாரு கையெழுத்துன்னு பாரு."

பார்த்தேன். பள்ளிக்கூட நோட்டில் எனக்கு எத்தனை தடவை பெயர் எழுதிக் கொடுத்த கை! எனக்கு அடையாளம் தெரியாதா?

"இவ அண்ணனே பார்த்தேன்னு சொல்றான். மேலேருந்து எடுத்த படம் என்ன சொன்னா எனக்கென்ன?" என்றான்.

கூட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். விசாரணை வரும் என்றார்கள்.

தென்கிழக்கு மூலையையும் பார்த்துவிட்டேன். தேக்குக்கு நடுவே, உங்கள் வீடு நிற்கும் இடத்தில், அந்த வருஷக் கடைசிப் படத்தின் சின்னச் சதுரங்களில் ஒரே ஒரு கட்டம் வெளுக்கிறது. ஓய்வு பெற்ற டிரைவரிடம் வாங்கிய இடம் என்று எங்களிடம் சொன்னீர்கள். கையெழுத்துப் போட்டதற்குக் கிடைத்ததா?

அம்மாவைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை


ஜூலை 27

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

போன கடிதம் கிடைத்ததாகத் தபால் அட்டை வந்தது. பதில் வரவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் திரும்பவில்லையே? அதையாவது எழுதுங்கள்.

விசாரணை செப்டம்பர் பதினைந்து, ரேஞ்ச் ஆபீசில். சாட்சி என்று உங்களுக்கும் அழைப்பு வரும். வரைபடத்தை நான் முடித்துக் கொடுத்துவிட்டேன். ஆக்கிரமிப்புப் பட்டியலில் இரண்டு இனங்கள். முதலாவது மாந்தோப்பு. இரண்டாவது ஓடை மூலை வீடு.

அன்று நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. அப்பாவை ஒருமுறை விற்றாகிவிட்டது. இன்னொரு முறையும் விற்றால், தங்கை என்று ஒருத்தி இருந்ததை மறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கை


ஆகஸ்ட் 28

தங்கைக்கு,

அம்மா நலம். காய்ச்சல் திரும்பவில்லை. ஐந்து தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

உனக்கு அப்போது பத்து வயது. ஞாபகம் இருக்காது. எனக்கு டிரைவர் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. அதே மாதம், நண்பன் வீட்டுக் கதவுக்கு என்று காட்டிலிருந்து ஒரு தேக்குக் கட்டையைத் தூக்கி வந்தேன். அப்பா பிடித்தார். வீட்டுக்குக் கூட்டிவந்து அடித்திருக்கலாம். ரேஞ்ச் ஆபீஸ் வாசலில் கட்டையைத் தோளில் வைத்துச் சாயங்காலம் வரை நிற்க வைத்தார். "கார்டு மகன்னா தனிச் சட்டமா?" என்று கேட்டு அவர் கையாலேயே வழக்கு எழுதினார். வேலை போயிற்று. ஊரே என்னைக் கட்டைத் திருடன் என்று கூப்பிட்டது.

ஆறு மாதம் கழித்து ரேஞ்சர் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினான். "உன்னை நிக்க வெச்சவரை நீ ஒரு நாள் நிக்க வைக்க வேணாமா?" என்றான். ஏமாற்றி வாங்கினான் என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகும். படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். ஒரு மாதம் சஸ்பெண்ட் ஆகட்டும், நாலு பேர் முன்னால் தலை குனியட்டும் என்றுதான் நினைத்தேன். வேலையே போகும் என்று நினைக்கவில்லை. பிறகு வாட்சர் வேலையும் இடமும் கொடுத்தான். வாயை மூடக் கொடுக்கிறான் என்று தெரிந்துதான் வாங்கினேன். அந்த வீட்டுக்கு ஒருத்தியை அழைத்து வர மட்டும் கடைசிவரை மனசு வரவில்லை.

அப்பாவுக்குத் தெரியும். சாட்சியத்தின் நகலை அவருக்கும் கொடுத்தார்கள். சாகும்வரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்பார். எனக்கு அவர் கொடுத்த அடி அதுதான். அதைத் தாங்க முடியாமல்தான் எல்லாவற்றையும் ரேஞ்சர் தலையில் போட்டு அவனை வெறுத்துக்கொண்டே இருந்தேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கும் தகுதி இல்லை.

அண்ணன்


செப்டம்பர் 22

தங்கைக்கு,

அம்மாவும் நானும் உடம்புக்குச் சௌகரியம்.

பதினைந்தாம் தேதி போனேன். விசாரணை அதிகாரி காகிதத்தைக் காட்டி, "இது உங்க கையெழுத்தா?" என்றார்.

"என் கையெழுத்துதான். எழுதினது பொய்."

ரேஞ்சர் எழுந்துவிட்டான். "தங்கச்சி சொல்லிக் குடுத்துப் பேசுறான் சார்!"

அதிகாரி என்னைக் கேட்டார். "அன்னிக்கு ஏன் பொய் எழுதினீங்க?"

"எங்கப்பா மேல கோபம்."

"இன்னிக்கு இவர் மேல கோபமா?"

"ஆமா சார். அதைவிட அதிகக் கோபம். ஆனா இன்னிக்குச் சொல்றது பொய் இல்லை. நீங்க படத்தையே பாருங்க."

மூன்று மணிக்கு உத்தரவு வந்தது. அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து வழக்குப் பதியச் சொல்லிவிட்டார்கள். ஜீப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மைத்துனன் கார் வரும்வரை அவன் வராந்தாவில் கையில் பையோடு நின்றான். ஒருவரும் நாற்காலி போடவில்லை. நான் எதிரே வேலியோரம் நின்று பார்த்தேன். கார் வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதுவரைக்கும் பார்த்தேன். உன்னிடம் மறைக்கவில்லை, நன்றாகத்தான் இருந்தது.

பிறகு என்னையும் கூப்பிட்டார்கள். பொய்ச் சாட்சி சொன்னதற்கு வேலை போயிற்று. வீட்டைக் காலி செய்ய முப்பது நாள். கூரை ஓடுகளை நானே இறக்கிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். "உங்கப்பா சாகிறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாருடா. அவனா வாயைத் திறந்து சொல்ற வரைக்கும் கேக்காதன்னார்" என்றாள். அதன்பிறகு அவள் என்னோடு பேசவில்லை. துணியை மடித்துப் பையில் வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். அழைத்துக்கொள்.

இனி இந்த முகவரிக்கு எழுதாதே. மர மில்லில் சுமை இறக்கும் வேலை கிடைத்திருக்கிறது. மில் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அண்ணன்


அக்டோபர் 16

அண்ணா,

அம்மா பத்திரமாக வந்து சேர்ந்தாள். முழங்காலுக்கு இங்கே டாக்டரிடம் காட்டினேன். நீ இருமுகிறாயா என்று தெரியவில்லை. தூசியில் வேலை செய்கிறாய், மூக்கில் துணி கட்டிக்கொள்.

அப்பா குற்றமற்றவர் என்ற உத்தரவு வந்துவிட்டது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசி என்றாள். மூன்றாவது தடவை அவளே வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். காட்டுக்கு நடுவே ஒற்றைக் கட்டம் தனியாக நின்றால் அதைத் துடைத்துச் சுற்றியிருப்பதோடு சேர்த்துவிடலாம் என்று எங்கள் வேலையில் விதியே உண்டு. மற்ற பிளாக்குகளில் அப்படி நூற்றுக்கணக்கில் துடைத்திருக்கிறேன். உன் வீடு ஒற்றைக் கட்டம்தான். துடைத்திருந்தால் அது எந்தப் பட்டியலிலும் வந்திருக்காது. நான் துடைக்கவில்லை. வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்று இயக்குநரிடம் சொன்னேன். உண்மையில், கூட்டத்திலிருந்து திரும்பி வந்து, உன் மேல் இருந்த ஆத்திரத்தில்தான் அதைப் பட்டியலில் சேர்த்தேன். நீ தெருவில் நிற்க வேண்டும் என்று நினைத்துத்தான் சேர்த்தேன். அதில் எழுதியிருந்ததெல்லாம் உண்மை. ஆனால் எழுதின மனசு, அன்றைக்குக் கையெழுத்துப் போட்ட உன் மனசுதான்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "ரெண்டு பேரும் நல்லா வாச்சீங்க" என்றாள். நேற்று முதல் தடவையாக உன் பெயரைச் சொல்லி, அவனுக்கு அங்கே யார் சமைக்கிறார்கள் என்று கேட்டாள்.

நான் உன்னை மன்னிக்கவில்லை. என்றைக்காவது மன்னிப்பேனா என்றும் தெரியவில்லை. நீயும் என்னை மன்னிக்க வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மில்லுக்கு விடுமுறை என்று கேள்விப்பட்டேன். முதல் பஸ்ஸைப் பிடித்தால் பத்து மணிக்கு இங்கே வந்துவிடலாம். நிலையத்துக்கு வருகிறேன். உன்னோடு பேசுவேனா என்று தெரியாது. வருவேன்.

தங்கை